வாசகர் கேள்வி – பதில்: ஹோம் தியேட்டர் ரிசீவரை நல்ல விலைக்கு வாங்குவது எப்படி?

பெரிய திரை டிவியை வாங்கி மாட்டியவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது ஒலியைப் பற்றித்தான். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏ.வி. ரிசீவர் (டிவி, பிளேயர் போன்றவற்றின் ஒலியை வாங்கிப் பிரித்து, பெருக்கிப் பல ஸ்பீக்கர்களுக்குத் தரும் பெட்டி) வாங்குவது தொடர்பானவை என்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

எங்கள் வீட்டுக் கூடம் 10 அடிக்கு 14 அடி. ஐந்து ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சென்ற ஆண்டு மாடலான 5.2 சேனல் ரிசீவரை 34,000 ரூபாய்க்கும், புதிய 7.2 சேனல் ரிசீவரை 58,000 ரூபாய்க்கும் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். "7.2-க்குக் குறைந்து எதை வாங்கினாலும் பின்னால் வருத்தப்படுவீர்கள்" என்கிறார் விற்பனையாளர். எதை வாங்கலாம்?
– எஸ்.கே., திருச்சி

அந்த 24,000 ரூபாய் வித்தியாசத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கூடுதலாக இரண்டு ஆம்ப்ளிஃபயர் சேனல்கள் (ஒரு சேனல் ஒரு ஸ்பீக்கரை இயக்கும்), தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் தரும் டால்பி அட்மாஸ், டி.டி.எஸ்: எக்ஸ் ஆகிய ஒலி வடிவங்களைப் பிரித்துத் தரும் திறன், வைஃபை வழியாகப் பாட்டுக் கேட்கும் வசதி, சில மாடல்களில் சற்று மேம்பட்ட அறை அளவீட்டு மென்பொருள் (அறையை மைக்கால் அளந்து ஒலியைச் சரிசெய்வது) ஆகியவையே அவை. இவற்றுள் முதலிரண்டும் பயன்பட வேண்டுமானால் நீங்கள் இன்னும் இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கி மாட்டியாக வேண்டும். மாட்டாவிட்டால், இருக்கும் ஐந்து ஸ்பீக்கர்களில் இரண்டு ரிசீவர்களும் தரும் ஒலியில் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு வேறுபாடு இருக்காது.

அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு உங்கள் கூடத்தில் இடம் உண்டா? சோபாவுக்குப் பின்னால் வைக்கலாம் என்றால், 14 அடி நீளக் கூடத்தில் சோபா பெரும்பாலும் பின்சுவரை ஒட்டியே இருக்கும். அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க வழியில்லை. கூரையில் மாட்டலாம் என்றால், நம் வீடுகளின் கான்கிரீட் தளத்தில் ஃபால்ஸ் சீலிங் இல்லாமல் ஒயர் இழுப்பது பெரும் வேலை. இதற்கு மாற்றாக, முன் ஸ்பீக்கர்களின் மேல் வைத்து ஒலியைக் கூரையில் மோதித் திருப்பும் ஸ்பீக்கர்கள் உள்ளன. சமதளமான, கெட்டியான, மிக உயரமில்லாத கூரை அவற்றுக்குத் தேவை என்பதால் கான்கிரீட் தளம் அவற்றுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஓட்டு வீட்டிலும் உத்தரம் தெரியும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும் பலன் தராது. இந்த ஸ்பீக்கர்களை ஓராண்டுக்குள் வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் 7.2 சேனல் ரிசீவரை வாங்குங்கள். "எப்போதாவது பார்க்கலாம்" என்ற அளவில்தான் இருக்கிறது என்றால், 5.2 போதும் என்பதே என் கருத்து.

புள்ளிக்குப் பின்னால் வரும், சப்வூஃபர் (கனத்த அடி ஒலிக்கான ஸ்பீக்கர்) இணைப்புகளைக் குறிக்கும் 2 என்ற எண்ணையும் கண்டு மயங்க வேண்டாம். இந்த விலையில் உள்ள ரிசீவர்கள் பெரும்பாலும் ஒரே சப்வூஃபர் சிக்னலைத்தான் இரண்டு துளைகளில் பிரித்துத் தருகின்றன. அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர் பொதுவாகச் சொல்வதில்லை: ரிசீவரில் சப்வூஃபருக்கென்று ஆம்ப்ளிஃபயர் கிடையாது, சிக்னல் மட்டுமே வெளியே வரும். உங்கள் ஐந்து ஸ்பீக்கர்களும் பழைய டிவிடி செட்டுடன் வந்தவையாக இருந்து, அதன் சப்வூஃபருக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒயர்தான் இருக்குமானால், அதை இந்த ரிசீவரில் நேராக இணைக்க முடியாது. சுவரில் செருகும் பிளக் உள்ள ஆக்டிவ் சப்வூஃபர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செட்டுகளின் ஸ்பீக்கர்கள் சில 3 ஓம், 4 ஓம் என்ற குறைந்த மின்தடை அளவிலும் இருக்கும். ரிசீவர் தாங்கும் குறைந்தபட்ச ஓம் அளவு அதன் பின்பக்கத்திலேயே, ஸ்பீக்கர் முனைகளுக்கு அருகில் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்க எண்ணை அதனுடன் ஒப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். மிச்சமாகும் 24,000 ரூபாய் நல்ல சப்வூஃபருக்குப் போனால், கூடத்தில் கேட்கும் மாற்றம் ஏழு சேனல் தருவதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

பேரத்தைப் பொறுத்தவரை, பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைக் காட்டி "இவ்வளவு குறைத்திருக்கிறோம்" என்று சொல்வதற்குப் பெரிய பொருளில்லை. கம்பெனி டீலருக்குச் சொல்லும் எம்.ஓ.பி. என்ற விற்பனை விலை வேறு. அதற்குக் கீழே இறங்க டீலர் தயங்குவார். ஆகவே விலையில் ஓரளவுக்கு மேல் இறங்காதவரிடம் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் (படமும் ஒலியும் ஒன்றாகச் செல்வது), ஸ்பீக்கர் ஒயர், வீட்டுக்கு வந்து அமைத்துத் தரும் கூலி ஆகியவற்றைச் சேர்த்துக் கேட்பது எளிதாகப் பலிக்கும். புதிய மாடல் கடைக்கு வந்துவிட்ட நிலையில் மிச்சமிருக்கும் பழைய மாடலுக்கு இந்தத் தயக்கம் குறைவு. ஆடித் தள்ளுபடிக் காலத்திலும், மார்ச் இறுதியில் இருப்புக் கணக்கு எடுக்கும் முன்பும் அது இன்னும் குறையும். நீங்கள் சொல்லும் 5.2 மாடல் காட்சிக்கு வைத்திருந்த பெட்டி என்றால் இன்னும் அழுத்திக் கேட்கலாம். ஆனால் ரிமோட்டும், அறையை அளக்கும் சிறிய மைக்கும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்தபிறகே பணம் கொடுங்கள். காட்சிப் பெட்டிகளில் முதலில் காணாமல் போவது அந்த மைக்தான். அது இல்லாமல் தானியங்கி அளவீட்டை ஓட்ட முடியாது. ஒரு கம்பெனியின் மைக் இன்னொன்றுக்குச் சரியான அளவைத் தராது.

உள்ளூரில் ஒருவர் செய்து தரும் 5.1 ஆம்ப்ளிஃபயர் "1000 வாட்", 12,000 ரூபாய். கம்பெனி ரிசீவரின் தாளில் 70 வாட்தான் போட்டிருக்கிறது, விலையோ மூன்று மடங்கு. பெயருக்காகவா இந்த விலை?
– ஆர்.எம்., மதுரை

அந்த ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் "12-0-12, 5 ஆம்பியர்" என்பது போல எழுதியிருக்கும். இரண்டு 12-உம் சேர்ந்த 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 120. அதாவது, ஆறு சேனல்களுக்கும் சேர்த்துத் தொடர்ந்து எடுக்கக்கூடிய மின்சாரமே 120 வாட் அளவுதான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போகும். 1000 வாட் எங்கிருந்து வரும்? நொடியின் மிகச் சிறு பகுதியில் வந்து போகும் உச்சத்தைப் பல வழிகளில் பெருக்கிச் சொல்லும் பி.எம்.பி.ஓ. வழக்கத்தின் மிச்சம் அது.

கம்பெனித் தாள்களிலும் இந்த விளையாட்டு உண்டு, ஆனால் அங்கே நிபந்தனையைச் சேர்த்து எழுதுகிறார்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். யமஹா ஆர்.எக்ஸ்-வி385 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் 70 வாட் என்பது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை (காதுக்குக் கேட்கும் முழு அலைவரிசை), 6 ஓம், 0.09 சதவீத ஒலிச்சிதைவு, இரண்டு சேனல்கள் மட்டும் இயங்கும் நிலையில் எடுத்த அளவு. அதே தாளில் ஒரே ஒரு சேனலை மட்டும், 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றைச் சுருதியில் இயக்கி, அதிகச் சிதைவை அனுமதித்து எடுத்த பெரிய எண்களும் இருக்கும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் அந்தப் பெரிய எண்தான். காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி எடுத்த ஸ்கூட்டர் மைலேஜைப் போல, அது பொய்யில்லை, ஆனால் உங்களுக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களில் இந்தக் குழப்பம் மிகுந்ததால், வாட் அளவை எப்படி எடுத்து எழுத வேண்டும் என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1974-லேயே விதி வகுக்க வேண்டியிருந்தது.

ஆகவே இரண்டு ரிசீவர்களை ஒப்பிடும்போது, முழு அலைவரிசையிலும் இரண்டு சேனல்கள் இயங்கும்போது எடுத்த அளவை மட்டும் ஒன்றுக்கொன்று வைத்துப் பாருங்கள். ஓம் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஏனெனில் 6 ஓமில் 70 என்பதும் 8 ஓமில் 70 என்பதும் ஒன்றல்ல. அப்படி ஒப்பிட்டு 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாட் இரண்டு மடங்கானால்தான் ஒலி 3 டெசிபல் கூடும். 80-லிருந்து 100-க்குப் போவது 1 டெசிபல்கூடத் தராது, அதைக் காதால் கண்டுபிடிப்பதே கடினம். அதைவிட, கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் காட்டும் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள். 85 டெசிபல் என்று குறித்த ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 88 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டிலேயே தந்துவிடும்.

உள்ளூர் ஆம்ப்ளிஃபயர்களை நான் இகழ்ந்து சொல்லவில்லை. பாட்டை உரக்கக் கேட்க விரும்புகிறவருக்கு, பழுதானால் அடுத்த தெருவிலேயே சரிசெய்ய ஆள் இருக்கும் ஒரு பெட்டி 12,000 ரூபாய்க்கு மோசமில்லை. ஆனால் அவற்றுட் பல, ஸ்டீரியோ சிக்னலை ஆறாகப் பிரித்துத் தருபவை. படத்தில் தனித்தனியாகப் பதிந்திருக்கும் ஆறு தடங்களையும் டிஜிட்டலாக வாங்கிப் பிரிப்பவை அல்ல. ஆப்டிகல் (டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள்) அல்லது ஹெச்.டி.எம்.ஐ. வழியாக வரும் டால்பி டிஜிட்டலைப் பிரிக்கும் டீகோடர் பலகை அதில் இருக்கிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். இல்லையென்றால், வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து தெளிவாக வரும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

என் மைத்துனர் நியூஜெர்சியில் இருக்கிறார். அங்கே ரிசீவர் விலை இங்கிருப்பதைவிட மிகக் குறைவு. ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொல்லலாமா?
– பி.எல்., தென்காசி

வேண்டாம் என்பதே என் பதில், காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாடலின் பின்பக்கத் தகட்டில் "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருக்கும். போன் சார்ஜரைப் போல எந்த மின்னழுத்தத்தையும் அது ஏற்காது. பிளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தகட்டில் 450 வாட் என்று இருந்தால், குறைந்தது 750 வி.ஏ. அளவுள்ள நல்ல டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அது எடையானது, சிலவற்றில் உறுமல் ஓசை வரும், அதற்கும் விலை உண்டு. அப்படியும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்கென்று அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மர் அதில் சற்று அதிகமாகச் சூடேறும்.

விலையையும் சரியாக ஒப்பிட வேண்டும். அங்கே கடையில் ஒட்டியிருப்பது வரிக்கு முந்தைய விலை, நியூஜெர்சியில் 6.625 சதவீத விற்பனை வரி பில் போடும்போது சேரும். இங்கே எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் உட்பட்டது. எட்டு, பத்து கிலோ எடையுள்ள பெட்டி அவருடைய லக்கேஜில் பாதியை விழுங்கும். விமான நிலையத்தில் சுங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. இவை எல்லாவற்றையும் கூட்டிய பின்னும் சில ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் இங்கே வாரண்டி இல்லை. பழுதானால் அமெரிக்க மாடலின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இந்தியச் சர்வீஸ் சென்டரில் இருக்காது.

மைத்துனர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்திருந்தால் மின்னழுத்தச் சிக்கல் இல்லை, அங்கும் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ்தான். வாரண்டிச் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கும். அவர் அன்புக்கு ஏதாவது வாங்கி வரட்டும் என்றால் நல்ல ஸ்பீக்கர்களைச் சொல்லலாம். மின்சாரத்தில் செருகாத சாதாரண ஸ்பீக்கருக்கு நாடு ஏது!

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்திலும் இணைய விளம்பரங்களிலும் பழைய ரிசீவர்கள் 8,000 முதல் 20,000 வரை கிடைக்கின்றன. புதியது வாங்கும் வசதி இப்போது இல்லை. செகண்ட் ஹாண்ட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வி.ஜே., சென்னை

தாராளமாக வாங்கலாம். ரிசீவரின் ஆம்ப்ளிஃபயர் பகுதி நன்றாகப் பயன்படுத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். பழசாவதும் பழுதாவதும் பெரும்பாலும் ஹெச்.டி.எம்.ஐ. பகுதிதான். உங்களுக்கு எந்த அளவு ஹெச்.டி.எம்.ஐ. தேவை என்பதைப் பொறுத்தே எது நல்ல பேரம் என்பது அமையும்.

நீங்கள் பார்ப்பது எல்லாம் டிவியில் உள்ள செயலிகள் வழியாகத்தான் என்றால், ஹெச்.டி.எம்.ஐ. இல்லாத மிகப் பழைய ரிசீவரே உங்களுக்கு ஆகக் குறைந்த விலையில் ஆகச் சிறந்த பேரமாக இருக்கக்கூடும். டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலியை "டால்பி டிஜிட்டல்" என்று வைத்தால், பல டிவிகள் ஸ்ட்ரீமிங்கில் வரும் ஒலியை அந்த வடிவத்துக்கு மாற்றி 5.1 ஆகவே அனுப்பும். உங்கள் டிவி அப்படி அனுப்புகிறதா என்பதை மட்டும் வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். சில டிவிகள் சில செயலிகளுக்கு ஸ்டீரியோ மட்டுமே அனுப்புகின்றன. அட்மாஸ் கிடைக்காது என்பதைத் தவிர இதில் இழப்பு குறைவு. எல்லோரும் ஒதுக்கும் பெட்டி என்பதால் விலையும் இறங்கி வரும். ஒருகாலத்தில் உயர்தர மாடலாக விற்ற, தூக்கவே கை வலிக்கும் கனமான ரிசீவர்கள் இந்த வகையில் கிடைக்கின்றன.

மாறாக, பிளேயர், கேம் கன்சோல், செட்-டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ரிசீவரில் செருகி ஒரே கேபிளில் டிவிக்கு 4கே படம் அனுப்ப வேண்டும் என்றால், ஹெச்.டி.எம்.ஐ. 2.0-வும், நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு முறையான ஹெச்.டி.சி.பி. 2.2-வும் உள்ள மாடலுக்குக் கீழே போகாதீர்கள். ஹெச்.டி.சி.பி. 2.2 இல்லையென்றால், பாதுகாக்கப்பட்ட 4கே படங்கள் திரையில் வராது அல்லது தரம் குறைந்து வரும். இந்த வரிசையில் 2020-ஆம் ஆண்டு டெனான், மரான்ட்ஸ், யமஹா மாடல்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அவற்றின் ஹெச்.டி.எம்.ஐ. 2.1 சிப்பில் இருந்த குறையால், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் போன்ற கருவிகளின் 4கே 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை மாறும்) படம் சரியாகக் கடந்து போகவில்லை. டெனானும் மரான்ட்ஸும் அதற்கு ஒரு தனி அடாப்டரைக் கொடுத்தன. யமஹா பலகையையே மாற்றித் தந்தது. அந்த வேகத்தில் விளையாடாதவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. ஆகவே 2020 மாடலை ஒருவர் விற்க வந்தால், இந்தச் செய்தியை எடுத்துச் சொல்லிச் சில ஆயிரங்கள் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

பார்க்கப் போகும்போது ஒரு சிறிய ஸ்பீக்கர், ஒரு ஹெச்.டி.எம்.ஐ. கேபிள், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பவர் பட்டனை அழுத்திய சில நொடிகளில் உள்ளே ரிலே "டிக்" என்று விழும் ஓசை கேட்க வேண்டும். அது விழாமல் விளக்கு சிமிட்டினாலோ "புரொடெக்ட்" என்று காட்டினாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பிறகு டெஸ்ட் டோனை ஓடவிட்டு, உங்கள் ஒரே ஸ்பீக்கரை ஒவ்வொரு சேனலாக மாற்றிச் செருகி எல்லாவற்றிலும் ஒலி ஒரே அளவில் வருகிறதா என்று கேளுங்கள். ஒயரை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரிசீவரை அணைத்துவிடுங்கள், இரண்டு முனைகளும் உரசினால் பழுது உங்கள் தலையில் விழும். ஹெச்.டி.எம்.ஐ. துளைகள் ஐந்து இருந்தால் ஐந்தையும் சோதியுங்கள். இடியின்போது கேபிள் டிவி ஒயர் அல்லது டிஷ் வழியாக வந்த மின்னழுத்தத்தில் ஒரு துளை மட்டும் செத்துப்போயிருப்பது நம் ஊரில் சாதாரணம். விற்பவர் அந்தத் துளையை விட்டுவிட்டு மற்றதில்தான் செருகிக் காட்டுவார்.

ஒரு டார்ச்சை மேல்மூடியின் காற்றுத் துளைகளில் அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. கரப்பான் எச்சமோ, பலகையின் மேல் காய்ந்து கிடக்கும் பல்லியோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். வெதுவெதுப்புக்காக உள்ளே போன பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து பலகையைக் கருக்கிவிடுவது உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர வீடுகளிலிருந்து வரும் பெட்டியானால், ஸ்பீக்கர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பச்சை இருந்தால் உள்ளேயும் உப்புக்காற்று வேலை செய்திருக்கும். கடைசியாக, அரை மணி நேரமாவது நடுத்தர ஒலியில் ஓடவிடுங்கள். சூடானபின் ஒரு சேனல் கரகரப்பது, படம் நின்று நின்று வருவது எல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் வெளியே தெரியாதவை. இதற்கு விற்பவர் பொறுமை காட்டவில்லை என்றால் அதுவே போதுமான பதில்.

டெனானும் மரான்ட்ஸும் ஒரே கம்பெனி என்கிறார்களே, உண்மையா? அப்படியென்றால் விலை குறைந்ததை வாங்கலாம் அல்லவா?
– டி.என்., சேலம்

இரண்டும் 2002 முதல் ஒரே உரிமையாளரின் கீழ்தான் இருக்கின்றன. இடையில் கைமாறி, 2025-இல் சாம்சங்குக்குச் சொந்தமான ஹர்மான் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தன. ரிசீவர்களின் டிஜிட்டல் பகுதியும் மெனுவும் அறை அளவீட்டு மென்பொருளும் இரண்டு பெயரிலும் பெருமளவுக்கு ஒத்தவை. தோற்றத்துக்கும் ஒலியின் சிறு சாயலுக்கும் கூடுதல் பணம் கொடுக்க மனமிருந்தால் மரான்ட்ஸ். இல்லாவிட்டால் டெனான் வாங்குவதில் நஷ்டமில்லை.

பண்டிகைத் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு ரிசீவர் கடை விலையைவிட 7,000 ரூபாய் குறைவு. "நோ காஸ்ட் இ.எம்.ஐ." வேறு இருக்கிறது. வாங்கினால் வாரண்டி கிடைக்குமா?
– கே.பி., கோயம்புத்தூர்

விலையைப் பார்க்கும் அதே பக்கத்தில் விற்பவர் பெயரையும் பாருங்கள். தளம் ஒன்றாக இருந்தாலும் விற்பவர் வேறொருவர்; அவர் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் இல்லையென்றால், வாரண்டிக்குப் போகும் நாளில் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. கம்பெனியின் இந்திய வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து அந்த விற்பனையாளர் பெயரைச் சொல்லி, "இவர் பில்லுக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்பதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. "செல்லர் வாரண்டி" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த 7,000 ரூபாயின் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

பெட்டி வந்ததும், பிரிக்கும் முன், வெளியே ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். முறையாக இறக்குமதியாகிச் சில்லறையில் விற்கும் பொருளில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. அந்த லேபிளே இல்லாத பெட்டி, பக்கவாட்டு வழியில் வந்த பெட்டி. பெட்டியிலும் ரிசீவரின் முதுகிலும் பில்லிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிப்பதை முழுவதும் போனில் படமெடுத்து வைத்துக்கொண்டால், திருப்பி அனுப்ப நேர்ந்தால் வாதாட வேண்டியிருக்காது.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் வங்கி வட்டியைப் போடத்தான் செய்கிறது. அதே அளவுத் தொகையை விற்பவர் முன்கூட்டியே தள்ளுபடியாகக் குறைத்துக் காட்டுகிறார். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் பிராசஸிங் கட்டணமும் உங்கள் கணக்கில்தான் விழும். பெரிய தொகை இல்லை என்றாலும் "காஸ்ட்" இல்லை என்பது சரியில்லை. முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் கூடுதல் தள்ளுபடி உண்டா என்று பாருங்கள். இருந்தால், கையில் பணமுள்ளவருக்கு அதுவே லாபம். கடைக்காரரிடமும் அந்த ஆன்லைன் விலையைக் காட்டிக் கேளுங்கள். கோயம்புத்தூரில் நல்ல ஆடியோ கடைகளுக்குக் குறைவில்லை; 7,000 முழுவதும் குறையாவிட்டாலும் பாதியாவது குறைத்துக்கொண்டு, பழுதானால் எடுத்துச் சென்று நிற்க ஒரு வாசலையும் தருவார்கள். 2,000, 3,000 ரூபாய் அதிகமானாலும் நான் கடையில்தான் வாங்குவேன்.

என் டிவியில் இ.ஏ.ஆர்.சி. இல்லை, ஏ.ஆர்.சி. மட்டும்தான். டிவியையும் மாற்றினால்தான் ரிசீவர் பயன்படும் என்கிறார் கடைக்காரர்.
– எம்.எஸ்., காரைக்குடி

மாற்ற வேண்டியதில்லை. ஏ.ஆர்.சி. என்பது டிவியின் ஒலியை ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி, இ.ஏ.ஆர்.சி. அதன் மேம்பட்ட வடிவம். ஸ்ட்ரீமிங் செயலிகளில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவத்தில் வருவது. உங்கள் டிவி அந்த வடிவத்தை ஆதரித்தால் சாதாரண ஏ.ஆர்.சி.யே அதைக் கொண்டுபோகும். ப்ளூ-ரே வட்டில் உள்ள ட்ரூஹெச்.டி. போன்ற சுருக்கத்தால் எதையும் இழக்காத ஒலிக்குத்தான் இ.ஏ.ஆர்.சி. தேவை. அந்தப் பிளேயரையும் ரிசீவரில் நேராகச் செருகிவிட்டால் அதுவும் தேவையில்லை.

இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்கும். ரிசீவருடன் 6,000 ரூபாய்க்கு ஸ்டெபிலைசரும் வாங்கச் சொல்கிறார்கள். அவசியமா?
– ஜே.ஏ., நாகர்கோவில்

முதலில் ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து மாலை ஏழு, எட்டு மணிக்கு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். ரிசீவரின் தகட்டில் எழுதியிருக்கும் எல்லையை விட்டு அடிக்கடி வெளியே போகிறது என்றால் ஸ்டெபிலைசர் தேவைதான். அப்போதும் ரிசீவரின் வாட் அளவுக்குப் பொருந்துவதை வாங்கினால் போதும், ஏசிக்குரிய பெரியது வேண்டாம். எல்லைக்குள்ளேயே இருந்தால், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் நல்ல சர்ஜ் புரொடெக்டர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். எர்த் இணைப்பு சரியாக இல்லாத வீட்டில் அந்தச் சர்ஜ் புரொடெக்டரும் முழுப் பாதுகாப்பைத் தராது என்பதால், அதே எலக்ட்ரீஷியனிடம் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். மின்னலுக்கு இவை எதுவும் முழுக் காப்பல்ல. மழைக்காலத்தில் இடி கேட்டதும் பவர் பிளக்கோடு டிஷ் அல்லது கேபிள் ஒயரையும் இன்டர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

மின்வெட்டின்போது ரிசீவரை இன்வெர்ட்டரில் ஓட்ட நினைத்தால், அது சைன் வேவ் வகைதானா என்று பாருங்கள்; ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடும் ஏறும். டிவி அலமாரியின் மூடிய தட்டுக்குள் ரிசீவரை வைப்பதாக இருந்தால் அதன் மேல் நான்கைந்து அங்குலமாவது இடம் விட்டு, பின்பலகையில் காற்றுப் போக ஒரு துளை போடச் சொல்லுங்கள். தச்சருக்கு அது அரை மணி நேர வேலை. செட்-டாப் பாக்ஸை அதன் தலைமேல் வைக்கும் வழக்கத்தையும் அத்துடன் விட்டுவிடலாம்.